பிலிப்பைன்ஸ் இலக்கியமும் அடையாளமும்: எங்கே சென்று கற்பது?

கடல்வழி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். ஒப்பிலக்கியத்தில் முதுகலை முடித்திருக்கிறேன். பிலிப்பைன்ஸ் இலக்கியத்தையும், அம்மக்கள் தாங்கள் யார் என்பதை எழுத்தில் தேடிய வரலாற்றையும் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். அந்நாட்டின் தேசிய வீரராகப் போற்றப்படும் ஹோசே ரிசாலின் இரு நாவல்களையும், அமெரிக்காவில் குடியேறிய கார்லோஸ் புலோசானின் நூலையும் ஆங்கிலத்தில் படித்திருக்கிறேன். டிலிமானில் உள்ள பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் செல்வதா, ஹவாய்க்குச் செல்வதா? ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இத்துறையில் எவ்வளவு தூரம் போக முடியும்? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மணிலாவாசி:
ஆங்கிலம் போதாது என்பதே என் உறுதியான கருத்து. டிலிமான் அமைந்திருக்கும் கேசோன் நகரில் நான் நெடுநாளாக வசிக்கிறேன். என் பிள்ளைகள் இங்குதான் படித்தார்கள். இந்நாட்டில் இலக்கியம் எல்லோருக்கும் முதலில் அறிமுகமாவது வகுப்பறையில்தான். ஏழாம் வகுப்பில் 'இபோங் அதார்னா' என்னும் கதைப்பாடல், எட்டில் பிரான்சிஸ்கோ பலாக்தாஸ் 1838இல் எழுதி வெளிவந்த 'புளோரான்தே அட் லௌரா', ஒன்பதிலும் பத்திலும் ரிசாலின் நாவல்கள் என்று ஒரு வரிசை பல தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது. ரிசாலின் முதல் நாவலில் தன் இரு பிள்ளைகளையும் தேடி அலைந்து சித்தம் கலங்கிப்போகும் சீசா என்ற தாயை, பள்ளிக்குப் பிறகு அந்த நாவலைக் கையில் எடுக்காதவர்கள்கூட மறப்பதில்லை. ரிசால் எழுதியது ஸ்பானிய மொழியில். மாணவர்கள் படிப்பதோ, தகாலோக் மொழியை அடிப்படையாகக் கொண்ட தேசிய மொழியான பிலிப்பினோவின் மொழிபெயர்ப்பில். அந்த வடிவத்தில் அவரைப் படிக்காமல், இம்மக்கள் மனத்தில் அவர் பெற்றிருக்கும் இடத்தை நீங்கள் அறிய முடியாது.

அந்த இடமும் எளிதில் கிடைத்ததன்று. நாவல்களில் பாதிரிமார் கடுமையாகச் சாடப்படுவதால் கத்தோலிக்கத் திருச்சபை முழுமூச்சாக எதிர்த்தது. அதையும் மீறி, செனட்டர் கிளாரோ ரெக்தோ விடாமல் முயன்றதால், ரிசாலின் வாழ்வையும் எழுத்தையும் கற்பிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் 1956இல் நிறைவேறியது. 2013இல் உயர்கல்வி ஆணையம் பிலிப்பினோ மொழியையும் இலக்கியத்தையும் கல்லூரிகளின் கட்டாயப் பாடங்களிலிருந்து நீக்கியபோது, அச்சட்டத்தின் பாதுகாப்பு இருந்ததால் ரிசால் பாடம் தப்பியது. மற்றவற்றுக்காக ஆசிரியர்கள் 'தங்கோல் விக்கா' என்ற கூட்டமைப்பாகத் திரண்டு உச்ச நீதிமன்றம்வரை சென்றார்கள். ஆணை செல்லும் என்றே 2018இல் தீர்ப்பு வந்தது. தம் நாட்டு இலக்கியத்தில் ஒரு பாடமும் எடுக்காமல் இளைஞர்கள் பட்டம் பெற வழி திறந்திருப்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். இந்த வாதங்கள் நடக்கும் ஊரிலேயே இருந்து படியுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

அக்கரைச்சீமை:
மொழியைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் வெளிநாட்டுப் படிப்பு இரண்டாந்தரமானது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. ரிசாலின் முதல் நாவல் அச்சேறியது 1887இல் பெர்லினில். இரண்டாவது 1891இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில். அந்தோனியோ தே மோர்கா என்ற ஸ்பானிய அதிகாரி 1609இல் வெளியிட்ட வரலாற்று நூலை, லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் அமர்ந்து ரிசால் தம் கைப்படப் பிரதியெடுத்து, ஸ்பானியர் வருவதற்கு முன்பே தம் மக்களுக்கு ஒரு நாகரிகம் இருந்தது என்று நிறுவும் குறிப்புகளுடன் பாரிசில் பதிப்பித்தார். ஆகவே இந்த ஆய்வு மரபே அயல்மண்ணில் வேர்விட்டது என்று சொன்னால் மிகையாகாது.

அமெரிக்காவில் பிறந்த தலைமுறையின் கேள்வி வேறு. 1968இல் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் பிற இனத்து மாணவர்களோடு சேர்ந்து பிலிப்பினோ மாணவர்களும் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து, தம் வரலாற்றைப் பாடமாக்கக் கோரினார்கள். புலோசானின் 1946ஆம் ஆண்டு நூல் 1973இல் மறுபதிப்பாகி வகுப்பறைகளுக்குள் நுழைந்தது அந்த எழுச்சியின் தொடர்ச்சிதான். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் இலோகானோ மொழியையும் இலக்கியத்தையும் முறையாகக் கற்கலாம். 1906 முதல் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களில் மிகப் பலர் இம்மொழி பேசும் வட பிலிப்பைன்ஸின் இலோகோஸ் வட்டாரத்தவர் என்பதே அதற்குக் காரணம். மணிலாவில் தகாலோக் நிழலில் ஒதுங்கிவிடும் ஒரு மொழி, கடல் கடந்த தீவில் பட்டப்படிப்பாக நிற்கிறது.

சுவடிப்பித்தன்:
மூலங்கள் இருக்கும் இடத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 1593இல் மணிலாவில் அச்சான கிறித்தவ மறைக்கல்வி நூலான 'தோக்த்ரினா கிறிஸ்தியானா'வின் எஞ்சிய பிரதி வாஷிங்டனில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது. ஒரே மன்றாட்டு அதில் ஸ்பானியத்திலும், ரோமன் எழுத்தில் தகாலோக்கிலும், ஸ்பானியருக்கு முந்தைய உள்நாட்டு எழுத்தான பாய்பாயினில் மீண்டும் தகாலோக்கிலும் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். பொ.ஆ. 900ஐச் சேர்ந்த லகுனா செப்பேடு மணிலா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு கடன் தீர்க்கப்பட்டதைப் பழைய மலாய் மொழியில் பதிவு செய்யும் அந்த ஏட்டில் உள்ள 'காவி' என்னும் பழைய ஜாவா எழுத்து, பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது. நம் கல்வெட்டெழுத்தில் பயிற்சி உள்ளவருக்கு அது முற்றிலும் அந்நியமாக இராது.

கடல்வழி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்படியானால் தகாலோக் மட்டும் போதுமா, இலோகானோவோ, மத்தியத் தீவுகளில் பேசப்படும் செபுவானோவோ சேர்த்துக் கற்க வேண்டுமா?

மணிலாவாசி:
முதலில் தகாலோக். 1937இல் அதை அடிப்படையாகக் கொண்டுதான் தேசிய மொழி அறிவிக்கப்பட்டது; 1987 அரசமைப்பு அதற்குப் பிலிப்பினோ என்று பெயரிட்டது. செபுவானோ பேசும் மக்களுக்கு இதில் மனக்குறை உண்டு. அடையாளத்தை ஆராய வருபவர் அக்குறையைக் காதுகொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். எனவே டிலிமானில் சேர்ந்த பிறகு, எந்த வட்டாரத்தின் எழுத்து உங்களை ஈர்க்கிறதோ அதன் மொழியை இரண்டாவதாக எடுத்துக்கொள்ளுங்கள். அது இலோகானோவாக அமைந்தால், ஹவாயில் ஓராண்டு தங்குவதற்கு அப்போது விண்ணப்பிக்கலாம்.