பற்சக்கரங்களுக்கிடையே விடும் ‘ப்ளே’: ‘கவ்விடை’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒன்றையொன்று கவ்விச் சுழலும் இரு பற்சக்கரங்களின் பற்களுக்கிடையே விடும் சிறு இடைவெளியை ஆங்கிலத்தில் பேக்லாஷ் என்றும், பேச்சில் ‘ப்ளே’ என்றும் சொல்கிறோம். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுமத்தில் முன்வைக்கப்பட்ட ‘பின்னடைவு’, ‘பல்லாட்டம்’ ஆகிய இரண்டு சொற்களையும், மகனின் ரிமோட் காரைக் கழற்றி மாட்டுகையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் வேலைக்கு ஒட்டவில்லை.

மோட்டாரின் தண்டில் இருக்கும் சிறிய எஃகுப் பற்சக்கரத்தைப் பினியன் என்றும், அது சுழற்றும் பெரிய நைலான் சக்கரத்தை ஸ்பர் என்றும் சொல்கிறோம். எங்கள் காரில் ஸ்பரின் பற்கள் நான்கைந்து மழுங்கிவிட்டதால், பெங்களூரில் அல்சூரிலிருந்து எஸ்.பி. ரோடு கடைத்தெருவுக்குப் போய்ப் புதிது வாங்கினேன். கடையிலிருந்த தமிழ்ப் பையன் பொட்டலத்தைக் கொடுக்கும்போதே, “அண்ணா, கொஞ்சம் ப்ளே விட்டு டைட் பண்ணுங்க, இல்லன்னா இதையும் தின்னுடும்” என்றான். அவன் சொன்ன ‘விட்டு’ என்ற வினைதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

வீட்டில் நோட்டுத் தாளை விரலகலத்துக்குக் கிழித்து, இரு சக்கரங்களின் பற்களுக்கிடையே கொடுத்து, மோட்டாரை ஸ்பரின் பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டே திருகுகளை முடுக்கினேன். பிறகு சக்கரத்தைச் சுழற்றித் தாளை வெளியே எடுத்தபோது அது கிழியாமல், அரிவாள்மணை விளிம்பில் அழுத்தியது போல மடிப்பு மடிப்பாக வந்தது. தாள் இருந்த அந்த இடம்தான் நாம் பெயர் தேடும் பொருள். அது அறவே இல்லாவிட்டால், ஓட்டத்தில் சூடேறி நைலான் விரியும்போது பற்கள் இறுகி, கார் ஊளையிடும், மோட்டார் கொதிக்கும். அது மிகுந்துவிட்டால் பற்களின் நுனி மட்டுமே தொட்டுக்கொண்டு, வேகம் கூட்டிய நொடியில் சிதைந்துவிடும். ஸ்பர் கச்சிதமான வட்டமாக அமைவது அரிது என்பதால், ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி, மிக இறுக்கமான இடத்தில் வைத்துத்தான் இதைச் சரிபார்க்க வேண்டும்.

ஆகவே இது குறையன்று, வேண்டுமென்றே விடுவது. ‘பின்னடைவு’ தேர்தல் செய்திக்குப் பொருந்தும். ‘பல்லாட்டம்’ என்றால் பல் மருத்துவர்தான் நினைவுக்கு வருகிறார். அதோடு, பேரிங் தேய்ந்தோ நட்டு தளர்ந்தோ காரின் சக்கரம் அசைவதை ஏற்கெனவே ‘ஆட்டம்’ என்கிறோம்; அது உண்மையிலேயே பழுது. பழுதுக்கும் தேவைக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால், கையேட்டைப் படிக்கும் சிறுவன் ஆட்டத்தை ஒழிக்கிறேன் என்று பற்களை நெரித்துவைப்பான்.

நான் முதலில் எண்ணிய ‘பல்லிடை’யைக் கைவிட்டேன். அடுத்தடுத்த இரு பற்களுக்கு நடுவிலுள்ள தொலைவு என்றே அது ஒலிக்கிறது. அந்தப் பொருள் பிட்ச் என்னும் வேறோர் அளவுக்கு உரியது.

பல்லும் பல்லும் சேர்வதைக் கவ்வுதல் என்று இயல்பாகச் சொல்கிறோம். கவ்வும்போது விடும் இடை ‘கவ்விடை’. கதவு + அழகு கதவழகு ஆவது போலக் கவ்வு + இடை புணரும். ‘கவ்விடை கூடிவிட்டது’, ‘ஒரு தாள் கவ்விடை விடு’, ‘கவ்விடையே இல்லாமல் முடுக்கிவிட்டாய்’ என்று மூன்று நாளாக வீட்டில் சொல்லிவருகிறோம். மகன் சிரித்தான், ஆனால் பொருள் கேட்கவில்லை.

ஒரு பல்லின் நுனிக்கும் எதிர்ச்சக்கரத்தின் பள்ளத்துக்கும் நடுவிலுள்ள கிளியரன்ஸ் வேறு. அதற்கு ‘நுனிவெளி’ என்று குறித்துவைத்திருக்கிறேன். அந்தச் சொல்லில் எனக்கு இன்னும் முழு நிறைவில்லை, மாற்று இருந்தால் எழுதுங்கள்.