புதுப்பிப்பு: அடைப்பு சிங்க்கில் இல்லை

போன வாரம் கேட்டிருந்தேனே, சமையலறை சிங்க்கில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது, வாஷிங் மெஷின் ஓடினால் குளியலறைத் தரை ஓட்டையில் குளுக் குளுக் சத்தம் வருகிறது என்று. சரியாகிவிட்டது.

சோடா உப்பும் வினிகரும் ஊற்றிப் பார்த்தேன், நுரைதான் வந்தது. பிளம்பர் சிங்க்கைத் தொடவே இல்லை. ஒரே இடத்தில் தேங்கினால் அந்தக் குழாயில் அடைப்பு, ஒன்றை ஓடவிட்டால் இன்னொன்று எதுக்களித்தால் எல்லாம் சேரும் பொதுக்குழாயில் என்று சொல்லிவிட்டு, நேராக வாசல் பக்க சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் தொட்டி) மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளையாக, கட்டிச் சோப்பு போல எண்ணெய்ப் பிசுக்கு. அதைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்து வேர் வேறு! (மரத்தை வெட்டமாட்டேன், யாரும் சொல்லாதீர்கள்.) வெளியில் நின்றபடியே மூங்கில் பிளாச்சால் குத்தி எடுத்துவிட்டார்.

ஆசிட் ஊற்றச் சொன்னவர்களுக்கு: நான் முந்தின நாள்தான் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தேன். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். நல்லவேளை, ஊற்றவில்லை.

இப்போது வாணலியைப் பழைய செய்தித்தாளால் துடைத்துவிட்டுத்தான் கழுவுகிறோம். வேர் வந்த விரிசலை அடுத்த மாதம் பூச வேண்டும்.