மறுமொழி: ‘சிதையாவி’ வேண்டாம்

கலைச்சொல் அகராதிக் குழுவினருக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம்.

அயனி நீர்மத்தை, அதாவது குறைந்த சூட்டிலேயே உருகி நீர்மமாக இருக்கும் உப்பை, சூடேற்றும்போது அது சிதைந்து வெளியேறும் ஆவிக்குச் ‘சிதையாவி’ என்ற சொல்லை ஈப்போ ஆசிரியர் முன்மொழிந்திருக்கிறார். கேட்க இனிமைதான். ஆனால் சிதை, ஆவி என்று பிரிப்பவருக்கு ஒரு பொருள்; சிதையா, ஆவி என்று பிரிப்பவருக்கு நேர் எதிர்ப்பொருள். அயனிகள் சோடியாக எழும் ஆவிக்கான ‘இணையாவி’க்கும் இதே கதி. ‘சிதைவாவி’ என்று திருத்தினால் நடுவில் ஒரு ‘வாவி’ வந்து நிற்கிறது. ‘இணைப்பாவி’யைப் பற்றி நான் வாயே திறக்கப்போவதில்லை.

இத்தனை நுணுக்கம் எதற்கு, ‘ஆவியாதல்’ ஒன்றே போதாதா என்று கேட்ட அன்பருக்கு: போதாது. நான் இங்கே ரப்பர் பால் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். சிறு தட்டில் பாலை ஊற்றி எடை பார்த்து, உலர்த்தும் அடுப்பில் வைத்து, காய்ந்தபின் மறுபடியும் எடை பார்க்கிறோம். குறைந்ததில் தண்ணீர் எவ்வளவு, பால் கெடாமலிருக்கச் சேர்த்த அம்மோனியா எவ்வளவு என்று தராசு சொல்லாது. அயனி நீர்மங்களை ஆராய்கிறவர்களுக்கும் இதே தொல்லைதான். சூடேற எடை குறைகிறது. போனது முழுப்பொருளா, உடைந்த துண்டா என்பது, சூடேற எடை குறைவதை வரைந்து காட்டும் எடைக்கோட்டில் தெரியாது.

இந்த உப்புகள் ஆவியாகவே மாட்டா என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். சிலவற்றைக் குறைந்த அழுத்தத்தில் 200 முதல் 300 டிகிரி செல்சியசில் காய்ச்சி வடிக்கலாம் என்று 2006இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே நம் பட்டியலிலுள்ள ‘ஆவியாகா உப்புநீர்மம்’ என்பதையும் நீக்கிவிட வேண்டும்.

நான் முன்வைப்பவை மூன்று. நேரயனியும் எதிரயனியும் சோடியாகவே கிளம்பினால் இணைந்தெழல். உப்பு உருவானபோது அமிலத்திலிருந்து காரத்துக்குப் போன புரோட்டான் தான் வந்த இடத்துக்கே திரும்ப, அமிலமும் காரமும் தனித்தனி மூலக்கூறுகளாக எழுந்து, குளிர்ந்த இடத்தில் மீண்டும் உப்பானால் பிரிந்தெழல்; நவச்சாரத்தைச் சூடாக்கிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மூன்றாவது சிதைந்தெழல். மெத்தில் தொகுதி கொண்ட இமிடசோலியம் என்ற நேரயனியும் குளோரைடும் சேர்ந்த அயனி நீர்மத்தில், குளோரைடு அயனி அந்த மெத்திலைப் பறித்துக்கொண்டு மெத்தில் குளோரைடு வாயுவாகப் பறந்துவிடும். வெறுமனே குளிர்வித்தால் பழைய உப்பு திரும்பக் கிடைக்காது.

‘பிரிந்தெழல்’ எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. அயனிகளே தனித்தனியாகப் பறப்பதாக மாணவர் எண்ணக்கூடும். இதைவிடச் செம்மையான சொல் வந்தால் மறுபேச்சின்றி விட்டுக்கொடுப்பேன். மற்ற இரண்டுக்கும் வாதாடத் தயார்.

‘வெப்பம் தாங்கும் எல்லை’ என்ற பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் மளமளவென்று சூடேற்றிப் பெறும் எண் தாராளமாகவே இருக்கும். அதற்கு வெகு கீழான சூட்டில் பல மணி நேரம் வைத்தால் அதே நீர்மம் சிதையத் தொடங்கிவிடும். சூடேற்றும் வேகத்தை விளக்கத்தில் சேர்க்காமல் அந்தப் பதிவை அகராதிக்கு அனுப்ப வேண்டாம்.