எல்க் பாயிண்ட்டைச் சேர்த்து வைப்பதா, செலவழிப்பதா: கொலராடோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டென்வர், போல்டர் பக்கம் வேலைக்கு வந்து, ஆபீஸ் ஆட்களைப் பார்த்து எல்க் என்ற பெரிய மான் வேட்டையில் இறங்கிய நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "மூணு பாயிண்ட் சேர்ந்திருக்கு, இந்த வருஷமே போட்டுடலாமா, இல்ல பெரிய யூனிட்டுக்கு வெச்சுக்கலாமா?" விசாவில் இருக்கிறீர்கள் என்றால் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். கிரீன் கார்டு வந்து, வீடு வாங்கி, இனி இங்கேதான் என்று முடிவானவர்கள் வேண்டுமானால் உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம்.

விஷயமே தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றால் கேஸ்தான். இங்கே எந்த யூனிட்டில் (வேட்டைக்காகப் பிரித்த பகுதி), எந்த சீசனில், எத்தனை எல்க் என்று பெரும்பாலும் வனவிலங்குத் துறையே எண்ணி டேக் (வேட்டை அனுமதி) கொடுக்கிறது. ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு முன்னாலேயே ஹண்டர் எஜுகேஷன் என்ற வேட்டைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். விண்ணப்பத்தில் முதல் சாய்ஸாகக் கேட்ட டேக் விழாவிட்டால் (கிடைக்காவிட்டால்) ஒரு பாயிண்ட் ஏறும், அடுத்த வருடம் பாயிண்ட் அதிகம் உள்ளவருக்கு முதலில் கிடைக்கும். விழுந்துவிட்டால் பாயிண்ட் பூஜ்யம். இரண்டு பாயிண்ட்டில் கிடைக்கிற யூனிட்டுக்கு ஏழு பாயிண்ட்டோடு போனாலும் ஏழும் காலி, மீதிச் சில்லறை கிடையாது.

இப்போது ஏன் வைத்திருக்கக் கூடாது என்பதற்கு வருகிறேன். நம் வேலை நம் கையில் இல்லை. லே-ஆஃப் வந்து அறுபது நாளில் வேறு கம்பெனி பிடித்து டெக்சாஸுக்குப் போக வேண்டி வந்தால், பாயிண்ட் உங்கள் பெயரில்தான் இருக்கும், ஆனால் நீங்கள் வெளிமாநிலத்தவர் ஆகிவிடுவீர்கள். கொலராடோவாசிக்கு நூறு டாலருக்குள் முடிகிற எல்க் டேக் வெளிமாநிலத்தவருக்கு எண்ணூறைத் தாண்டும், டேக் ஒதுக்குகிற டிராவிலும் பெரும்பாலான இடங்களில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்குப் போக மீதி 25-க்குள்தான் நீங்கள் அடித்துக்கொள்ள வேண்டும். யாருக்கும் விற்க முடியாது, நண்பருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது, ஊருக்கே திரும்பிப் போனால் அது வெறும் எண். ஆறு மாதம் தொடர்ந்து இங்கே வசித்தாலே உள்ளூர்க்காரர் கணக்கில் வந்துவிடுகிறீர்கள். அந்தச் சலுகை கையில் இருக்கும்போதே பாயிண்ட்டைச் செலவழிப்பதுதான் லாபம்.

அடுத்து, பெரிய யூனிட் ஆசை. வடமேற்கு மூலையில் 2, 10, 201 யூனிட்களில் ஆண் எல்க் டேக்குக்கு இருபதுக்கு மேல் பாயிண்ட் வேண்டும். டேக் கொஞ்சம்தான், அதற்கு முன்னால் நிற்கிறவர்களுக்கும் வருடா வருடம் ஒரு பாயிண்ட் ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் தேவைப்படுகிற எண்ணும் கூடவே ஏறும். மூன்று பாயிண்ட்டோடு இப்போது வரிசையில் சேர்கிறவருக்கு இருபது வருடம் கழித்தும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு: பத்துப் பாயிண்ட்டோ அதற்கு மேலோ தேவைப்படுகிற யூனிட்களில் ஒரு பங்கு டேக் குலுக்கலில் போகிறது, அதில் சேரக் குறைந்தது ஐந்து பாயிண்ட் வேண்டும். நாலு வைத்திருப்பவர், வேலையும் விசாவும் உறுதியாக இருந்தால், இன்னொரு வருடம் பொறுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஐந்து வந்த பிறகும் பொறுத்துக்கொண்டே இருப்பது வெறும் நப்பாசை.

அப்புறம், விதிகளும் அப்படியே இருக்காது. வெளிமாநிலத்தவர் கடையில் நேராக வாங்கிக்கொண்டிருந்த வில் சீசன் எல்க் டேக், இன்டர்ஸ்டேட் 25 நெடுஞ்சாலைக்கு மேற்கே 2025 முதல் டிராவுக்குள் போய்விட்டது.

எங்கே போடுவது என்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். துறையின் தளத்தில் வருடா வருடம் 'டிரா ரீகேப்' அறிக்கை வரும், ஒவ்வொரு ஹண்ட் கோடும் (யூனிட், சீசன் எல்லாம் சேர்ந்த குறியீடு) எத்தனை பாயிண்ட்டில் விழுந்தது என்று அதில் இருக்கும். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காதீர்கள், மூன்று நான்கு வருட அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று என்று நின்ற இடத்திலேயே நிற்கிறதா, அது உங்கள் யூனிட். வருடத்துக்கு ஒன்று ஏறுகிறதா, விட்டுவிடுங்கள். நண்பரோடு குரூப்பாகப் போட்டால் குரூப்பில் யாருக்குக் குறைவோ அவருடைய பாயிண்ட்தான் எல்லோருக்கும் கணக்கு, இதை மறந்துவிடாதீர்கள்.

செலவழிக்கக் கூடாத வருடம் எது? விசா ஸ்டாம்பிங்குக்கு ஊருக்குப் போகிற வருடம், குழந்தை பிறக்கிற வருடம், புதிதாக வேலை மாறி லீவே சேராத வருடம். ரைஃபிள் சீசன்கள் அக்டோபர் நடுவில் தொடங்கி நவம்பர் வரை போகும், தீபாவளி நிச்சயம் குறுக்கே வரும், வீட்டில் விண்ணப்பிக்கும் முன்பே பேசிவிடுங்கள், டேக் விழுந்த பிறகு பேசினால் அது வேறு வகையான வேட்டை. அப்படிப்பட்ட வருடத்தில் முதல் சாய்ஸில் E-P-999-99-P என்ற குறியீட்டைப் போடுங்கள், அது பாயிண்ட் மட்டும் வாங்குகிற குறியீடு. இரண்டாம் சாய்ஸில் பக்கத்து யூனிட்டில் பெண் எல்க் டேக் ஒன்றைப் போட்டு வைக்கலாம், இரண்டாம் சாய்ஸில் விழுந்தால் பாயிண்ட் குறையாது, கறியும் கிடைக்கும்.

கறி என்றதும் சொல்லியாக வேண்டும். பத்தாயிரம் அடி உயரத்தில், இருட்டுகிற நேரத்தில் ஒரு ஆண் எல்க்கை வீழ்த்தினால் தோலை உரித்து, நாலு காலையும் தனித்தனியாக எடுத்து, துணிப் பையில் போட்டு மரத்தில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாக முதுகில் சுமந்து இறக்க வேண்டும். ஒரு பின்னந்தொடையே அரிசி மூட்டை கனம் இருக்கும். தின்னக்கூடிய கறியை அங்கேயே விட்டுவிட்டு வருவது சட்டப்படி குற்றம். அதனால் முதல் தடவையே பெரிய டேக்கில் இறங்காமல் ஒரு பெண் எல்க் டேக்கில் உடம்பும் கத்தியும் பழகட்டும், மிளகு போட்டு வறுத்தால் ருசியில் ஒரு குறையும் இல்லை.

துப்பாக்கி விஷயத்தில் ஜாக்கிரதை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க ஃபெடரல் சட்டம் தடை போடுகிறது, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் மட்டும் விலக்கு. லைசென்ஸ் காலாவதியான பிறகும் அலமாரியில் ரைஃபிள் இருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான், அது குடியேற்ற ஃபைல் வரைக்கும் போகும். வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். வில்லுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பக்கத்து வயோமிங்கிலும் பாயிண்ட் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: எல்க்குக்கு வருடம் ஐம்பது டாலர் சொச்சம், ஜூலை முதல் அக்டோபர் கடைசி வரை வாங்கலாம், தொடர்ந்து இரண்டு வருடம் விட்டால் சேர்த்ததெல்லாம் அழிந்துவிடும். அங்கே குரூப்பில் எல்லோருடைய பாயிண்ட்டுக்கும் சராசரி எடுப்பார்கள். வில்டர்னஸ் என்று அறிவித்த காட்டுப் பகுதிக்குள் வெளிமாநிலத்தவர் கைடோ, உரிய அனுமதி வாங்கிய உள்ளூர்க்காரரோ இல்லாமல் எல்க் வேட்டையாட முடியாது. வயோமிங்கின் ஷையனுக்கே குடிபோகிற திட்டம் இருந்தால் வாங்காதீர்கள், வயோமிங்வாசிகளுக்கு எல்க்கில் பாயிண்ட் முறையே கிடையாது.