மாங்குளத்து வீட்டுக் குழு: ஹொஸ்டா எங்கே வாங்குவது?

வெள்ளி

சித்தி ஸ்காபரோ, காலை 6:12
[படம்]
முன் வளவு நிழல் பக்கம். இங்கே கனடாவில் பனி உருகி, நிழலில் பெரிய வடிவான இலை விடுகிற ஹொஸ்டாச் செடியின் முளைகள் கிளம்பிவிட்டன. போன வருடம் இவ்வளவு இருந்தது, இந்த வருடம் பாதி இல்லை. புதிதாக வாங்க வேண்டும், எங்கே வாங்குவது என்று ஒரே குழப்பம்.

அக்கா கிளிநொச்சி, 6:20
ஐயோ என்ன வடிவான இலை சித்தி. ஓகஸ்டில் திருவிழாவுக்கு வரும்போது ஒரு கிழங்கு பையில் வைத்துக் கொண்டு வாங்கோ. கிணற்றடி மாமரத்துக்குக் கீழே ஒன்றும் வருவதில்லை, அங்கே வைப்பேன்.

தம்பி, 6:31
கொண்டு வரவேண்டாம் சித்தி. இரண்டு காரணம். ஒன்று, அது இங்கே உயிரோடு நிற்காது. இரண்டு, அனுமதியில்லாமல் செடி கொண்டு வந்தால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடிப்பார்கள்.

அக்கா கிளிநொச்சி, 6:33
அறிவியல்நகர் விவசாய பீடத்தில் ஒரு வருடம் படித்த உடனே பேராசிரியர் ஆகிவிட்டாய். நிழல் செடி தானே, நிழலில் ஏன் நிற்காது?

தம்பி, 6:40
நிழல் காணும், குளிர் காணாது. ஹொஸ்டா யப்பான், கொரியா, சீனப் பக்கத்துச் செடி. மாரியில் இலை முழுக்க வாடி மண்ணுக்குள் தூங்கும், அந்தத் தூக்கத்துக்குச் சில கிழமைகளாவது 5 பாகைக்குக் கீழே குளிர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அடுத்த முறை சரியாக எழும்பாது. முதல் வருடம் இரண்டு இலை விடும், அடுத்த வருடம் அதுவும் இல்லை. கிளிநொச்சியில் மார்கழியிலேயே விசிறி போட்டுத்தானே படுக்கிறோம்.

அத்தான், 6:44
குளிர்சாதனப் பெட்டியில் மீன் பக்கத்தில் வைத்தால்?

தம்பி, 6:46
சில பேர் வெளிநாட்டில் உண்மையாகவே அப்படிச் செய்கிறார்கள் அத்தான். ஆனால் அக்காவின் பெட்டியில் இடம் எங்கே, கருவாடு தானே முழுக்க.

மாமி மாங்குளம், 6:58
தம்பி சொல்வது சரி. வெளியிலிருந்து வந்த பூச்சி என்ன செய்யும் என்று 2018 இல் சோளத்தில் பார்த்தோம் தானே, சேனா படைப்புழு. கிழங்கோடு மண்ணும் வரும், மண்ணோடு என்ன வரும் என்று ஆருக்குத் தெரியும்.
மச்சாள், உம்முடைய பாதிச் செடி எங்கே போனது? அதைச் சொல்லும் முதலில்.

சித்தி ஸ்காபரோ, 7:15
அதை நினைத்தாலே வயிறு எரிகிறது மச்சாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெரிய கடையில், வாசலில் பெட்டி பெட்டியாக, வெறும் வேரை மரத்தூளில் போட்டுப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே வடிவான படம் ஒட்டி விற்றார்கள், மலிவு என்று ஐந்து பை தூக்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் ஒன்று சளி மாதிரிக் கரைந்து மணத்தது. மற்றதெல்லாம் முளைத்தது. ஒரு மஞ்சள் இலைச் செடியில் மட்டும் நரம்பு ஓரமாக மை கசிந்த மாதிரிப் பச்சைக் கோடு, அதைப் பார்த்து என்ன வடிவு என்று மயங்கி, தோண்டி மூன்றாக வெட்டிப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுத்து, அதே கத்தியோடு மற்றச் செடிகளையும் பிரித்து நட்டேன். போன வருடம் பார்த்தால் கத்தி பட்ட எல்லாவற்றிலும் அந்தக் கோடு, இலை சுருங்கிக் கொப்பளித்து.

தம்பி, 7:24
அது ஹொஸ்டா வைரஸ் எக்ஸ் சித்தி. 1996 இல் மினசோட்டாவில் கண்டுபிடித்தார்கள். மருந்து கிடையாது. எங்கள் மிளகாய் இலைச்சுருளலில் பூச்சிக்கும் பங்குண்டு, இதைக் கத்தியும் கையும்தான் கொண்டுபோகின்றன, வெட்டிய இடத்துச் சாறு மற்றச் செடியின் காயத்தில் பட்டால் போதும். இன்னொரு வேடிக்கை, அந்தக் கோடு வடிவாக இருக்கிறது என்று முதலில் வியாபாரிகளே மயங்கிப் புது ரகம் என்று பெயர் வைத்து விற்றார்கள். லெப்பர்ட் ஃப்ரொக், பிரேக்டான்ஸ், லூனசி எல்லாம் அப்படி வந்தவை. பிறகுதான் நோய் என்று தெரிந்தது. நீங்கள் மயங்கினதில் வெட்கமில்லை.

சித்தி ஸ்காபரோ, 7:27
பக்கத்து வீட்டுக்காரரிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

மாமி மாங்குளம், 7:30
போய்ச் சொல்லத்தான் வேண்டும். வடை சுட்டுக்கொண்டு போம்.

தம்பி, 7:36
அந்தச் செடிகளை வேர்த் துண்டு மிஞ்சாமல் தோண்டிக் குப்பையில் போடுங்கோ, பசளைக் குழியில் போட வேண்டாம். அதே குழியில் உடனே இன்னொரு ஹொஸ்டாவும் வைக்க வேண்டாம். மற்றது, நோய் உள்ளே இருந்தும் மாதக் கணக்கில், சில நேரம் வருடக் கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். அதனால் கடையில் இலை பச்சையாக இருப்பதை மட்டும் பார்த்து நம்ப முடியாது, ஆரிடம் வாங்குகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

சித்தி ஸ்காபரோ, 7:38
அதைத்தான் கேட்கிறேன் ராசா. ஆரிடம்?

தம்பி, 7:52
ஹொஸ்டாவே தொழிலாகச் செய்பவர்களிடம். அவர்கள் சந்தேகமானதைப் பரிசோதனைப் பட்டியில் சாறு விட்டுப் பார்ப்பார்கள், நீங்கள் கேட்டால் சோதித்தீர்களா இல்லையா என்று நேரே சொல்வார்கள். கேள்வியே விளங்காமல் முழிக்கிற கடையை விட்டு விலகுங்கோ. அமெரிக்க ஹொஸ்டா சங்கம் என்று ஒன்று 1968 இலிருந்து இருக்கிறது, அது போல உங்கள் பக்கத்திலும் சங்கங்கள் உண்டு, வசந்தத்தில் உறுப்பினர்கள் தங்கள் வளவுச் செடியைப் பிரித்து விற்பார்கள். தாய்ச்செடியைக் கண்ணால் பார்த்து வாங்கலாம். தபாலில் வாங்கினால் எத்தனை முளை என்று கேளுங்கோ, ஆய்வுகூடத்தில் இழைய வளர்ப்பில் வந்த குட்டிச் செடி மலிவாகத்தான் இருக்கும், ஆனால் படத்தில் இருக்கிற அளவுக்கு வர நாலைந்து வருடம் போகும்.

நான், 8:05
அலுவலகம் போகும் வழியில் வாசித்தேன். காலையிலேயே இத்தனை மெசேஜ், ஆரோ செத்துப்போனார்கள் என்று பயந்துவிட்டேன்.

மாமி மாங்குளம், 8:21
நான் படிக்கவில்லை, ஆனால் கன்று வாங்கி ஏமாந்த கணக்கு எனக்கும் உண்டு. மீள்குடியேறின புதிதில் லொறியில் வந்தவனிடம் கறுத்தக்கொழும்பான் ஒட்டு மா என்று ஆறு கன்று வாங்கினேன். வளவில் அப்போது ஒரு மரமும் இல்லை, நிழலுக்கு ஏங்கின காலம், அவன் என்ன சொன்னாலும் நம்பியிருப்பேன். ஒட்டின இடம் எங்கே என்று பார்க்கவில்லை. ஒட்டுக்கு மேலே பட்டுப்போய்க் கீழே அடிக்கட்டை தான் தளிர்த்து நின்றது, எனக்கு அது தெரியவில்லை. ஏழு வருடம் தண்ணீர் ஊற்றிக் கடைசியில் புளிக்கிற நார் மாங்காய். லொறிக்காரனை எங்கே தேடுவது?
அன்றிலிருந்து மூன்று விடயம். நடமாடும் ஆளிடம் வாங்குவதில்லை, நாளைக்கும் அதே இடத்தில் இருக்கிற ஆளிடம்தான். சாடியைக் கவிழ்த்து வேர் பார்க்க விடாதவனிடம் வாங்குவதில்லை. பூத்து நிற்கிற கன்றை வாங்குவதில்லை, பூவைக் காட்டி வேரை மறைப்பார்கள்.

அக்கா கிளிநொச்சி, 8:26
வேரில் என்ன பார்க்கிறது மாமி?

மாமி மாங்குளம், 8:34
வெள்ளையாக, முறிந்தால் டக் என்று முறிகிற வேர் நல்லது. கபிலமாக, நசித்தால் தோல் உரிந்து நூல் மட்டும் மிஞ்சினால் அழுகல். சாடிக்குள் சுருள் சுருளாகக் கயிறு மாதிரிச் சுற்றியிருந்தால் வருடக்கணக்காக விற்காமல் கிடந்த கன்று. மேல் மண்ணில் கோரை முளை, பார்த்தீனியம் முளை இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வா. ஒரு சாடியில் வந்த கோரையை நான் இன்னும் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி, 8:40
மாமி சொன்னது ஹொஸ்டாவுக்கும் அப்படியே பொருந்தும் சித்தி. ஒன்று கூட்டிக்கொள்ளுங்கோ. இலை நரம்புகளுக்கு இடையில் கோடு கோடாகக் கபில நிறம் இருந்தால் இலை வட்டப்புழு, இலைக்குள் இருக்கிற நுண்ணிய புழு. அது கோடை பிந்தித்தான் தெரியும், அதனால் நல்ல கடையா என்று அறிய ஓகஸ்டில் ஒருக்கால் போய்ப் பார்க்கலாம். வைரசுக் கோடு வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் நன்றாகத் தெரியும். நத்தை கடித்த ஓட்டைக்குப் பயப்பட வேண்டாம், அது நோயில்லை.

சித்தி ஸ்காபரோ, 8:44
நத்தை, முயல், போன வருடம் மான் வேறு. எல்லாருக்கும் இது சலாட்.

தம்பி, 8:47
மனிதனுக்கும் தான். யப்பானில் இளங்குருத்தை உருயி என்று மரக்கறியாகச் சமைப்பார்கள். ஆனால் நாய் பூனைக்கு ஆகாது.

மாமி மாங்குளம், 8:49
கீரையைப் போய் அழகுக்கு வைக்கிறாள்.

அக்கா கிளிநொச்சி, 9:10
சரி எல்லாரும் சித்திக்கு வழி சொல்லியாச்சு, என் மாமரத்தடிக்கு என்ன வைப்பது?

தம்பி, 9:22
கலேடியம். அதே மாதிரிப் பெரிய வண்ண இலை, நிழல் விரும்பும், வெக்கை பிடிக்கும், தென்னமெரிக்கச் செடி. ஹொஸ்டா குளிருக்குத் தூங்கும், இது வறட்சிக்குத் தூங்கும். ஆடி ஆவணியில் இலை காய்ந்தால் செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும், மழைக்கு எழும்பும். மருமகன் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கோ, நாக்குத் தடிக்கும்.

மாமி மாங்குளம், 9:30
இப்போது வாங்காதே பிள்ளை. வைகாசி வெக்கையில் எதுவும் பிடிக்காது. ஐப்பசியில் இரண்டு மழை விழட்டும். வீதியோரத்தில் நிற்கிற வடிவான சாடியெல்லாம் கண்டிப் பக்கமிருந்து வலைக் கூடாரத்து நிழலில் வளர்ந்து வருவது, இறக்கி மூன்றாம் நாள் வாங்கினால் நாலாம் நாள் வாடும். எப்போது வந்தது என்று கேள். நம்முடைய வெயிலிலும் கிணற்றுத் தண்ணியிலும் ஒரு மாதம் நின்ற கன்றை வாங்கு, இலை கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பரவாயில்லை.

அத்தான், 9:41
வவுனியாவில் ஒரு இடம் தெரியும், கடைக்காரர் வீட்டோடு கடை, தாய்ச்செடி பின் வளவில் நிற்கும். ஏ9 வீதியால் வரும்போது ஐப்பசியில் எடுத்து வருகிறேன். எத்தனை?

அக்கா கிளிநொச்சி, 9:43
மூன்று. கவிழ்த்துப் பார்த்து எடுங்கோ. நீங்கள் பூவைப் பார்த்து வாங்குகிற ஆள்.

அத்தான், 9:44
உன்னைப் பார்க்க வந்த அன்று தலையில் பூ இருந்தது உண்மைதான்.

நான், 9:46
இது குடும்பக் குழு.

சனி

சித்தி ஸ்காபரோ, இரவு 9:05
தம்பி சொன்ன மாதிரி ஹொஸ்டா மட்டும் வளர்க்கிற ஒரு ஆளின் இடத்துக்கு வந்திருக்கிறேன், வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலம். வைரஸ் சோதிப்பீர்களா என்று கேட்டேன், சிரித்துவிட்டுச் சோதித்த பட்டிகளை டப்பாவோடு எடுத்துக் காட்டினார். பிரிக்கிற கத்தியை ஒவ்வொரு செடிக்கும் கழுவுகிறார். விலை அந்தப் பையை விட நாலு மடங்கு. அதனால் இரண்டு தான்.

சித்தி ஸ்காபரோ, 9:08
[படம்]
சாடியைக் கவிழ்க்கலாமா என்று கேட்டேன், தானே கவிழ்த்துத் தந்தார். மச்சாள் பாரும்.

மாமி மாங்குளம், 9:19
கண்ணாடி போட்டு வந்தேன். வெள்ளை வேர், சுருளவில்லை. வாங்கும். மற்றச் சாடியின் அடியையும் எடுத்து அனுப்பும்.