போஸ்டரைஸ் கட்டளைக்கு ‘நிறத்திட்டாக்கம்’: ஒரு முன்மொழிவு

படத்திருத்த மென்பொருளின் கட்டளைகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒளிப்படத்தைச் சில நிறங்களே கொண்ட வரைகலைப் படமாக மாற்றும் ‘போஸ்டரைஸ்’ கட்டளைக்குச் ‘சுவரொட்டியாக்கம்’ என்ற சொல்லைப் பலர் ஆதரித்திருக்கிறீர்கள். நான் அதை ஏற்கத் தயங்குகிறேன். மை நிறங்களைக் குறைவாக வைத்து அச்சிட்ட பழைய சுவரொட்டிகளை மனத்தில் கொண்டு பிறந்த பெயர் அது. இன்று வேலூர் ஆபீசர்ஸ் லைனில் நடந்தால் கண்ணில் படும் சுவரொட்டிகளும் பிளக்ஸ் பதாகைகளும் முகத்தின் மெல்லிய நிழல் வரை காட்டும் முழு ஒளிப்படங்களாகவே இருக்கின்றன. அவற்றைப் பார்த்து வளரும் மாணவர், சுவரொட்டியாக்கம் என்றால் படத்தைப் பெரிதாக்கி ஒட்டுவது என்றுதான் எண்ணுவார்.

கட்டளை செய்யும் வேலையிலிருந்து பெயர் வரட்டும் என்பது என் கருத்து. 8 பிட் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 நிலைகள் உண்டு. கிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருளில் இந்த நிலைகளை 3 என்று குறைத்தால், ஒவ்வொன்றும் மூன்று மதிப்புகளை மட்டுமே ஏற்பதால், மொத்தப் படமும் அதிகபட்சம் 27 நிறங்களுக்குள் அடங்கிவிடுகிறது. சிறுகச் சிறுக மாறிய நிழல் மறைந்து, ஒரே நிறம் கொண்ட பரப்புகள் கூர்மையான விளிம்புகளோடு நிற்கின்றன. இப்படித் தெரிவதை நம் பக்கத்துப் பெயிண்டர் முதல் அச்சகத்தார் வரை ‘திட்டுத் திட்டாக இருக்கிறது’ என்றே சொல்வார்கள்.

ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூணின் படத்தை எடுத்துக்கொள்வோம். அதன்மீது கட்டளையை நேராக ஏவினால், கருங்கல்லின் பொடிப்புள்ளிகள் எல்லாம் தனித்தனித் திட்டுகளாகச் சிதறி யாளி அடையாளம் தெரியாமல் போகும். முதலில் நிறத்தை நீக்கிச் சாம்பல் படமாக்கி, நுண்விவரங்களை மழுங்கடிக்கும் காஸியன் மங்கலைச் சிறிதளவு கொடுத்து, ஒளி இருள் வேறுபாட்டைக் கூட்டிய பிறகு 3 நிலைகளுக்குக் குறைத்தால், பிடரியும் கோரைப்பல்லும் தெளிவாகப் பிரிந்து வரும். மஞ்சள் துணிப்பையில் இதை ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவருக்கு ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வேண்டும். மிக வெளிர்ந்த நிலையைத் துணியின் மஞ்சளுக்கே விட்டுவிட்டால் இரண்டு ஸ்கிரீன்களில் வேலை முடிந்துவிடும். இந்தக் கணக்கைப் போடும்போது அவர் மனத்தில் இருப்பது திட்டுதான்.

ஆகவே ‘நிறத்திட்டாக்கம்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். மென்பொருளின் கட்டளைப் பட்டியலில் (மெனுவில்) ‘நிறத்திட்டாக்கு’ என்று இடலாம். ‘படியாக்கம்’ நன்றாக ஒலித்தாலும், உயிரியலில் குளோனிங்குக்கு வழங்கும் சொல் அது. படத்திருத்த மென்பொருளிலும் குளோன் கருவி இருப்பதால் குழப்பம் உறுதி. ‘அடுக்கு’ ஏற்கெனவே லேயருக்குப் போய்விட்டது. ‘நிறக்குறைப்பு’ என்பது நிறச்செறிவைத் தணிப்பதாகப் பொருள்படும். ‘நிறத்திட்டம்’ என்ற சொல்லோடு என் முன்மொழிவு ஒலியில் நெருங்குவதை நான் மறுக்கவில்லை. ஆயினும் ‘ஆக்கு’ என்னும் ஈறு இரண்டையும் பிரித்துக் காட்டப் போதுமானது. திட்டு என்பது வசவையும் குறிக்குமே என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மணல்திட்டு என்னும்போது யாருக்கும் வசவு நினைவுக்கு வருவதில்லை.

இச்சொல்லை நான் வலியுறுத்த வேறொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் போஸ்டரைசேஷன் என்னும் பெயர் ஒரு குறையையும் சுட்டுகிறது: அந்தி வானத்தின் படத்தை அளவுக்கு மீறித் திருத்தினால் சீரான நிறமாற்றம் உடைந்து பட்டைகள் தோன்றும். அந்தக் குறையைச் சுவரொட்டியாக்கம் என்று எந்த ஒளிப்படக்காரரிடமும் சொல்ல முடியாது. ‘வானத்தில் நிறத்திட்டு விழுந்திருக்கிறது’ என்று சொன்னால் விளக்கம் தேவைப்படாது.

கறுப்பு, வெள்ளை என இரண்டாக மட்டும் பிரிக்கும் ‘த்ரெஷோல்ட்’ கட்டளைக்கு ‘இருநிறமாக்கம்’ போதும். இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் இத்திட்டுகளின் விளிம்பைப் பின்பற்றி வளைகோடுகளாக்கும் வசதிக்கான பெயரைத் தனி இழையில் பேசலாம். வெக்டாரைக் குறிக்கும் திசையன் என்ற கணிதச் சொல் அங்கே பொருந்துமா என்பது நீண்ட விவாதம்.

போஸ்டரைஸ் கட்டளையில் எண்ணைக் கூட்டிக் குறைக்க நகர்த்தும் அளவுகோலின் (ஸ்லைடரின்) பெயரை மட்டும் ‘திட்டுகள்’ என்று வைக்க வேண்டாம், ‘நிலைகள்’ என்றே இருக்கட்டும். அங்கே 3 என்று கொடுப்பவருக்குப் படத்தில் மூன்று திட்டுகள் கிடைக்கப்போவதில்லை.