'இம்யூனிட்டி'க்குச் சொல் வேண்டும், திங்கள் காலைக்குள்

வேம்பன்:
குழுவினருக்கு வணக்கம். சட்டக்கல்லூரி முதலாண்டுப் பாடக்குறிப்பு ஒன்று திங்களன்று அச்சுக்குப் போகிறது. குடியரசுத் தலைவர், ஆளுநர் மீது வழக்குத் தொடுக்க முடியாத நிலைக்கு, அதாவது 'இம்யூனிட்டி'க்கு, 'விலக்குரிமை' என்று போட்டிருந்தோம். மெய்ப்புப் பார்த்தவர் அதை அடித்துவிட்டு 'சட்டப் பாதுகாப்பு' என்று எழுதியிருக்கிறார். எதை வைக்கலாம்?

நாவலடியான்:
இரண்டும் வேண்டாம். சட்டப் பாதுகாப்பு எல்லோருக்கும் உண்டு. இந்திய அரசியலமைப்பின் 14ஆவது பிரிவு சொல்வதே அதுதான். 'விலக்கு' என்றதும் வரிவிலக்கு போல ஒரேயடியாகத் தொலைந்தது என்ற நினைப்பு வந்துவிடும்.

குடியரசுத் தலைவர், ஆளுநர் பற்றிய 361ஆவது பிரிவைப் பிரித்துப் படியுங்கள். உட்பிரிவு 1: பதவியின் அதிகாரத்தைச் செலுத்தியதற்காக நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2: பதவிக்காலத்தில் குற்றவியல் நடவடிக்கையைத் தொடங்கவும் கூடாது, நடப்பதைத் தொடரவும் கூடாது. 3: கைதாணை கூடாது. 4: சொந்தச் செயல் தொடர்பான உரிமையியல் வழக்கென்றால் வழக்கின் தன்மை, வழக்கெழு காரணம், தொடுப்பவரின் பெயர், விலாசம், கோரும் பரிகாரம் ஆகியவற்றை எழுத்தில் கொடுத்து இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். நான்காவதையும் 'விலக்குரிமை' என்றால், ஆளுநர் மீது கடன் வழக்குக்கூடப் போட முடியாது என்று பையன் தேர்வில் எழுதுவான்.

கல்யாண் சிங்கைப் பாருங்கள். 2017 ஏப்ரலில் பாபர் மசூதி வழக்கில் சதிக் குற்றச்சாட்டை உச்ச நீதிமன்றம் மீட்டெடுத்தபோது, ராஜஸ்தான் ஆளுநராக இருந்த அவரை மட்டும் பதவி முடியும்வரை விட்டுவைத்தது. 2019 செப்டம்பரில் பதவி முடிந்தது. அதே மாதம் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வனைந்தார்கள், அதாவது முறைப்படி பதிவு செய்தார்கள். (பின்னர் விடுதலையானது வேறு.) இதற்குப் பெயர் ஒத்திவைப்பு.

யாழ்வாணி:
இலங்கையில் நாங்கள் 'விடுபாட்டுரிமை' என்றே எழுதி வருகிறோம். எங்கள் அரசியலமைப்பின் 35ஆம் உறுப்புரை (பிரிவு) உங்கள் 361ஐ விட அகலம்: பதவியிலிருக்கும் சனாதிபதியின் உத்தியோகச் செயலுக்கும் வழக்கில்லை, தனிப்பட்ட செயலுக்கும் வழக்கில்லை. ஆனால் அவர் பதவியிலிருந்த காலம் காலவரம்புக் கணக்கில் சேராது. இறங்கிய பிறகு வழக்குப் போடலாம். 2015இன் 19ஆவது திருத்தத்தோடு, சட்டமா அதிபரை (அரசின் தலைமை வழக்கறிஞரை) எதிராளியாக்கி அடிப்படை உரிமை மனுப் போடும் வழியும் வந்தது. ஈஸ்டர் தாக்குதல் வழக்கில் முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. (எங்கள் உயர் நீதிமன்றம்தான் உங்கள் உச்ச நீதிமன்றம். தமிழ்நாட்டு மாணவருக்கு அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கோ ஐயா.)

கல்வெட்டான்:
வேரைப் பார்க்காமல் சொல் தேடுகிறீர்கள். இலத்தீனில் 'முனுஸ்' என்றால் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை, சுமை. நம் பழைய 'வெட்டி' (கூலியில்லாக் கட்டாய வேலை) போல உடலுழைப்பும் அதில் அடக்கம். அது இல்லாதவன் 'இம்யூனிஸ்'. சோழர் கல்வெட்டில் இதற்கு நேரான சொல் இருக்கிறது: இறையிலி, அதாவது வரி இல்லாத நிலம். அதே வார்ப்பில் 'வழக்கிலி' என்று ஆக்கலாம். ஐந்தே எழுத்து, தூய தமிழ்.

நாவலடியான்:
உலக வழக்கும் வழக்குதானே ஐயா? 'வழக்கிலி' என்றால் வழக்கொழிந்த சொல் என்று பொருள்படும். பிறக்கும்போதே இறப்புச் சான்றிதழ். அதோடு அறிவிலி, நாணிலி வரிசையில் ஆளுநரை உட்கார வைத்தால் அவர் அவதூறு வழக்குப் போடுவார். அவர் போடுவதை 361 தடுக்காது.

கல்வெட்டான்:
இறையிலியில் இழிவு எங்கே இருக்கிறது? ஏதிலியில்?

செங்கண்ணன்:
'சிறப்புரிமை' என்று இருக்கிறதே, அதையே வைத்தால் என்ன?

வேம்பன்:
அது 105, 194ஆவது பிரிவுகளின்படி நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கானது. முக்கியமாக அவையில் பேசியதற்கும் வாக்களித்ததற்கும். வாக்குக்கு லஞ்சம் வாங்கியவரை அது காக்காது என்று 2024 மார்ச் 4இல் ஏழு நீதிபதிகள் 1998 தீர்ப்பையே மாற்றிவிட்டார்கள். இரண்டையும் கலக்க முடியாது.

இன்னொரு சிக்கல். அமெரிக்கப் பகுதியில், டிரம்ப் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தந்த 2024 ஜூலை 1 தீர்ப்பு வருகிறது. அதில் மூன்று படிகள்: அதிபரின் மைய அதிகாரங்களுக்கு முழுமையானது, மற்ற அலுவல்முறைச் செயல்களுக்குக் குறைந்தபட்சம் அனுமானமாக உண்டு, அதை அரசுத் தரப்பு முறியடிக்கலாம், அலுவல்சாராச் செயலுக்குக் கிடையாது. அடைமொழி சேர்த்தாலும் நொண்டாத சொல்லாக வேண்டும்.

செங்கண்ணன்:
அப்படியானால் 'தடைக்காப்பு'. முழுத் தடைக்காப்பு, அனுமானத் தடைக்காப்பு.

யாழ்வாணி:
வாசிப்பவர் தடுப்பூசியை நினைப்பார். 'காப்புரிமை'யும் சரிவராது, அதைப் பதிப்பாளர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கல்வெட்டான்:
சட்டத்திடமிருந்துதான் மருத்துவம் 'இம்யூனிட்டி'யைக் கடன் வாங்கியது. திரும்பக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

செங்கண்ணன்:
'வழக்குக்காப்பு'?

நாவலடியான்:
நாளிதழ்க்காரர்கள் 'திருடனுக்குக் காப்பு' என்று தலைப்புப் போடுவது கைவிலங்கை. 'ஆளுநருக்கு வழக்குக்காப்பு' என்றால் ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்றல்லவா படிப்பார்கள்?

வேம்பன்:
ஞாயிறு இரவு பதினொன்று. தலைப்பில் 'வழக்குக்காப்பு' வைக்கிறேன். மூவர் ஏற்றிருக்கிறீர்கள், நாவலடியான் ஏற்கவில்லை. முதல் வரியில் இலங்கை வழக்கு 'விடுபாட்டுரிமை' என்ற குறிப்பு வரும். உள்ளே உட்பிரிவு 1க்குப் 'பதிலளிப்பு விலக்கு', 2க்குப் 'பதவிக்கால வழக்குத்தடை', 4க்கு 'முன்னறிவிப்பு' மட்டும். பிரதமர், முதலமைச்சருக்கு 361 கிடையாது என்பது கட்டத்துக்குள் தனியாக.

நாவலடியான்:
உள்ளே சரியாகப் பிரித்துவிட்டுத் தலைப்பில் ஏன் ஒன்றாகக் கட்டுகிறீர்கள்? என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

கல்வெட்டான்:
சொல்லடைவில் 'வழக்கிலி'யையும் அம்புக்குறி போட்டுச் சேர்க்கலாமே?

வேம்பன்:
பக்கம் நிரம்பிவிட்டது ஐயா.